தேக்கா, கலப்புப் பலகையா? வீரவநல்லூர் வீட்டுப் பின்வாசலில் ஒரு மரத்தளம்

நீங்கள் கேட்டது பார்வைக்குச் சின்னக் கேள்வி. வீரவநல்லூருக்கு வெளியே, கன்னடியன் கால்வாய் பாயும் வயல்களைப் பார்த்தபடி கட்டிய வீட்டின் பின்வாசலில் 12 அடிக்கு 10 அடியில் ஒரு மரத்தளம் போட வேண்டும். தேக்கு போடலாமா, டபிள்யூபிசி என்று விற்கும் கலப்புப் பலகை போடலாமா, அமெரிக்காவில் உங்கள் வீட்டு டெக்கில் பார்க்கும், உளுக்காமல் இருக்க மருந்தேற்றிய பைன் மரம் இங்கே கிடைக்குமா என்று கேட்கிறீர்கள். எழுபது கடந்த அப்பாவும் அம்மாவும் மாலையில் உட்காருவதற்காக என்றும், ஆண்டுக்கு ஒருமுறைதான் ஊருக்கு வர முடிகிறது என்றும் போகிறபோக்கில் சேர்த்திருக்கிறீர்கள். எனக்கு அந்த இரண்டு வரிகள்தான் கேள்வியாகப் பட்டன. பார்த்துப் பராமரிக்க ஆள் இல்லாத இடத்தில், கால் தடுமாறும் வயதுக்காரர்களுக்காக, திறந்த வானத்தின் கீழ் மரம் போடலாமா? போட்டால் அது எப்படி நிற்கும்? இதற்குப் பதில் சொன்னால் தேக்கா மற்றதா என்பது தானாகவே அடங்கிவிடும்.

நான் அம்பாசமுத்திரம் பக்கம். அப்பா மர ஆசாரி. நான் டிப்ளமோ படித்துவிட்டு முப்பது ஆண்டுகளாகக் கட்டட ஒப்பந்த வேலை செய்கிறேன். மரத்தளம் என்று எண்ணிப் பார்த்தால் பதினைந்துக்குள்தான் செய்திருப்பேன். நம் பக்கத்தில் அது புதுப் பழக்கம். முதலில் செய்ததைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது விழுந்தது. குற்றாலத்துக்குப் பக்கத்தில் ஒரு தோட்ட வீடு. உரிமையாளர் பணத்துக்கு அஞ்சாதவர். கால், உத்திரம், சட்டம், பலகை எல்லாமே தேக்கு. கால்களைக் குழியில் நிறுத்தி, ஆடாமல் இருக்க வேண்டும் என்று சுற்றிலும் கான்கிரீட் கொட்டினேன். மேலே கண்ணாடிபோல் வார்னிஷ். நான்காவது ஆண்டு சாரல் முடிந்தபோது ஒரு மூலை ஓர் அடி இறங்கிவிட்டது. தோண்டிப் பார்த்தால் மண்மட்டத்துக்கு மேலே உள்ள மரம் இரும்பாக இருக்கிறது, கான்கிரீட்டுக்கு உள்ளே இருந்த மரம் ஈரப் பஞ்சாகக் கையோடு வருகிறது. தவறு மரத்தினுடையது அல்ல, என்னுடையது. நான் காலுக்கு அஸ்திவாரம் போடவில்லை, தண்ணீர் தேங்கும் கிண்ணம் ஒன்றைக் கட்டி அதற்குள் காலை நிறுத்தியிருக்கிறேன்.

அப்பா அப்போது இருந்தார். பார்த்துவிட்டு, வேலிக்கால் எங்கே ஒடியும் என்று தெரியாதா உனக்கு என்று மட்டும் கேட்டார். ஊரில் வேலி பார்த்து வளர்ந்த யாருக்கும் தெரியும், அது மண்மட்டத்தில்தான் ஒடியும். பழைய காலத்தில் கிணற்றின் அடியில் நெல்லிக் கட்டை இறக்குவார்கள். எப்போதும் நீருக்குள் கிடக்கும் அந்தக் கட்டை ஆண்டுக்கணக்கில் கெடாது. கூரைக்குள் எப்போதும் காய்ந்து கிடக்கும் உத்திரமும் கெடாது. தக்கலைக்குப் பக்கத்தில் பத்மநாபபுரம் அரண்மனையின் மரவேலை நூற்றாண்டுகளைத் தாண்டி நிற்பதற்கு மரத்தின் சாதி பாதிக் காரணம், தாழ இறங்கிய ஓட்டுக்கூரை பாதிக் காரணம். மரத்தை உளுக்க வைக்கும் பூஞ்சைக்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். மரத்துக்குள் ஈரப்பதம் ஏறத்தாழ 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அதனால் பிழைக்க முடியாது. முழுக்க நீரில் மூழ்கினால் காற்று இல்லை. இரண்டும் சேரும் இடம் மண்மட்டம், பொருத்து, ஆணித் துளை, பலகையின் வெட்டு முனை. ஆகவே எந்த மரம் என்று கேட்பதற்கு முன், தண்ணீர் எங்கே நிற்கும், கரையான் எங்கிருந்து ஏறும் என்று கேளுங்கள். இந்த இரண்டுக்கும் விடை வைத்திருக்கும் தளத்தில் இரண்டாம் தர மரம்கூடப் பிழைக்கும்.

உங்கள் இடத்துக்கு வருகிறேன். வயலையொட்டிய மனை என்றால் கார் நெல் பருவத்துக்கு ஜூனில் கால்வாயில் தண்ணீர் விட்டதிலிருந்து அடுத்த நெல் பருவமான பிசானம் அறுக்கும்வரை ஆண்டின் பெரும்பகுதி நிலத்தடியில் ஈரம் இருக்கும். மேல்மண் காய்ந்து தெரிந்தாலும் ஓர் அடிக்குக் கீழே கை வைத்தால் குளிரும். கயத்தாறு, மானூர்ப் பக்கத்துக் கரிசலைப்போல் வெடித்து உப்பும் மண் அல்ல உங்களுடையது. ஆற்று வண்டல் கலந்த வயல்மண். கரிசல் என்றால் நான் வேறு விதமாக எழுதியிருப்பேன். அங்கே மண் மழைக்கு வீங்கிக் கோடைக்குச் சுருங்குவதால் ஆழமில்லாத கால்கள் ஆண்டுக்கு ஒருமுறை ஏறி இறங்கும். திசையன்விளைப் பக்கத்துத் தேரி மணல் இன்னொரு கதை. நீங்கள் அமெரிக்காவில் பார்க்கும் டெக்கின் அஸ்திவாரம் ஆழம் போவது உறைபனிக்காக. அந்த வரைபடத்தை இங்கே அப்படியே கொண்டுவந்து பயனில்லை. குழி எவ்வளவு ஆழம் என்று நான் எண் சொல்லப் போவதில்லை. மண்ணைத் தோண்டிப் பார்க்காமல் அதைச் சொல்பவரை நம்பவும் வேண்டாம். ஒரு மூலையில் மூன்றடி தோண்டி, குடத்துத் தண்ணீரை ஊற்றி, மறுநாள் காலையில் அது நிற்கிறதா போய்விட்டதா என்று அப்பாவைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். அந்த ஒரு செய்தியே பாதி விடை.

வெயிலைப் பற்றி எல்லோரும் தவறாகச் சொல்லும் ஒன்று உண்டு: வடக்குப் பக்கம் என்றால் நிழல். வட இந்தியாவுக்கும் நீங்கள் இப்போது இருக்கும் ஊருக்கும் அது சரி. திருநெல்வேலி ஏறத்தாழ 8.7 பாகை வடக்கில் இருக்கிறது. சித்திரை பிறப்பதற்கு ஓரிரு நாள் முன்பு நடுப்பகலில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். அதன் பிறகு ஆகஸ்ட் கடைசிவரை நடுப்பகல் சூரியன் நமக்கு வடக்கே சாய்ந்துதான் இருக்கும். அதாவது, கோடையின் பிற்பாதி முழுவதும் வடக்கு முற்றத்தில் வெயில் விழும். தெற்குச் சுவர் நிழலில் இருக்கும். மார்கழியில் இது தலைகீழ். மாலை நேரத்துக்கு எப்போதும் நம்பக்கூடியது கிழக்குப் பக்கம்தான். நான்கு மணிக்கு மேல் வீடே நிழல் தரும். உங்கள் பின்வாசல் எந்தத் திசை என்று நீங்கள் எழுதவில்லை. மேற்கு என்றால் வயலுக்கு அப்பால் மலை தெரியும், காட்சி அழகாக இருக்கும், ஆனால் ஆறு மணிவரை அங்கே யாரும் உட்கார மாட்டார்கள். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் மேல்காற்றும் நேராக முகத்தில் அடிக்கும். அந்தக் காற்றை நம்பித்தான் கயத்தாற்றில் காற்றாலைகள் நிற்கின்றன என்பதை நினைவில் வையுங்கள். மெல்லிய தகரக் கூரையை அதற்கு முன்னால் பிடித்து நிறுத்துவது எளிதல்ல.

எந்தத் திசையானாலும், தளத்தின் பாதிக்காவது கூரை இறக்குங்கள். நான் சொல்பவற்றுள் செலவுக்கேற்ற பலன் தருவதில் இதற்கு இணையில்லை. வீட்டுச் சுவரிலிருந்து ஆறடிக்கு ஓட்டுத் தாழ்வாரம் இறங்கினால் பெற்றோருக்கு நிழல், மரத்துக்கு ஆயுள், கதவருகே வழுக்காத இடம், மூன்றும் கிடைக்கும். மீதி நாலடி வானத்தைப் பார்க்கட்டும். அந்தத் தாழ்வாரத்துக்குப் பனங்கை கிடைத்தால் போடுங்கள். முற்றிய பனையின் வெளிச்சுற்று மட்டும்தான் வைரம், உள்ளே சோறு; கறுத்த நாரோடிய அந்த வைரத்தைக் கைமரமாக இழைத்துக் கூரைக்குப் போட்டால் நம் காலத்துக்குப் பிறகும் கிடக்கும். தரைப் பலகைக்கு மட்டும் பனை வேண்டாம், வெறுங்காலில் சிலாம்பு ஏறினால் அம்மா உங்களைச் சும்மா விட மாட்டார்கள். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021இல் அரசு அறிவித்திருக்கிறது. ஆகவே பழைய வீடு இடித்த பனங்கையாகத் தேடுங்கள், அதுதான் உலர்ந்தும் இருக்கும்.

இப்போது எலும்பு, அதாவது பலகையைத் தாங்கும் கால், உத்திரம், குறுக்குச் சட்டம். மரத்தளத்தின் எலும்பில் மரம் வேண்டாம் என்பது என் முடிவு. இதில் என்னோடு மாறுபடும் ஆசாரிகள் இருக்கிறார்கள், அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஆனால் ஆண்டுக்கு ஒருமுறை வருகிற உங்களுக்கு, குனிந்து பார்க்க ஆள் இல்லாத அடிப்பகுதியில் மரம் இருப்பது வம்பு. நம் ஊரில் வேலிக்கும் தொழுவத்துக்கும் நிறுத்தும் கருங்கல் தூண் இருக்கிறதே, அதையே காலாக நிறுத்துங்கள். சுவரையொட்டி ஒரு வரிசை, ஐந்தடியில் ஒரு வரிசை, பத்தடியில் ஒரு வரிசை. வரிசைக்கு ஆறடி இடைவெளியில் மூன்று, மொத்தம் ஒன்பது. கல் தலையில் சிறு கான்கிரீட் தொப்பி, அதில் போல்ட்டைப் பதித்துவிடலாம். அதன்மேல் 4 இஞ்சுக்கு 2 இஞ்ச், 3 மில்லிமீட்டர் கனத்தில் துத்தநாகம் பூசிய பெட்டிக்குழாய் உத்திரமாக. அதற்குக் குறுக்கே 2 இஞ்சுக்கு 2 இஞ்ச் குழாய் 16 இஞ்சுக்கு ஒன்றாக. பால்கனிக்கு இந்தியத் தரக் குறியீடு குறைந்தது எதிர்பார்க்கும் பளு சதுர மீட்டருக்கு 3 கிலோ நியூட்டன், அதாவது சுமார் 300 கிலோ. உங்கள் 120 சதுர அடிக்கு மூன்று டன்னுக்கு மேல் வரும். இரண்டு பேர் உட்காரத்தானே என்று சொல்லாதீர்கள். பேத்தி காதுகுத்துக்கு முப்பது பேர் புகைப்படத்துக்கு ஏறி நிற்பார்கள். மேலே சொன்ன அளவுகள் அதைத் தாங்கும். ஆனாலும் உள்ளூர்ப் பொறியாளர் ஒருவர் ஒருமுறை மண்ணோடு சேர்த்துப் பார்க்கட்டும்.

வெல்டிங் பட்டறைக்காரரிடம் ஒன்றை முன்கூட்டியே பேசிவிட வேண்டும். பற்றவைக்கும் இடத்தில் துத்தநாகப் பூச்சு எரிந்துபோகும். துரு அங்கேதான் தொடங்கும். பற்றவைத்த அன்றே அந்த இடங்களைத் தேய்த்துத் துத்தநாகம் மிகுந்த பிரைமர் அடிக்க வேண்டும், மறுநாள் ஆகட்டும் என்றால் ஆகாது. குழாயின் திறந்த முனைகளை மூடியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் உள்ளிருந்து அரிக்கும், பாம்புக்குட்டியும் தங்கும். தளத்தை வீட்டுச் சுவரில் போல்ட் போட்டுத் தொங்கவிடும் அமெரிக்க முறை இங்கே வேண்டாம். அங்கே மரச்சட்டத்தால் ஆன வீட்டில் மரத்தைப் பிணைக்கிறார்கள். அங்கேயே டெக் சரிந்து விழும்போது பெரும்பாலும் அந்தப் பிணைப்புதான் முதலில் விடுகிறது. நம் செங்கல் சுவர் அதைத் தாங்கப் பிறந்தது அல்ல. தளம் தன் காலில் தனியே நிற்கட்டும். சுவருக்கும் தளத்துக்கும் ஓர் இஞ்ச் இடைவெளி, கதவின் வாசற்படியைவிட ஓர் இஞ்சாவது தாழ்வு. பத்தடிக்கு ஓர் இஞ்ச் வெளிப்பக்கம் வாட்டம்.

கல் கால் வைத்ததாலேயே கரையான் ஏறாது என்று எண்ண வேண்டாம். ஏறும். கல்லின்மேல் மண்குழாய் கட்டிக்கொண்டு ஏறும். ஆனால் அந்தக் குழாய் கண்ணுக்குத் தெரியும், துடைப்பத்தால் தட்டிவிடலாம். மரக்காலில் உள்ளேயே குடைந்து ஏறினால் யாருக்குத் தெரியும்? கல்லுக்கும் இரும்புக்கும் இடையில் நாலு பக்கமும் இரண்டு இஞ்ச் நீட்டிக்கொண்டிருக்கும் தகரத் தட்டு ஒன்று வைத்தால் குழாய் வளைந்து வெளியே வந்தாக வேண்டும். அலமாரிக் காலுக்குத் தண்ணீர்க் கிண்ணம் வைத்த பாட்டியின் யோசனைதான் இது. கீழே மேல்மண்ணை அகற்றி, வெளிப்பக்கம் வாட்டம் கொடுத்து, கரையான் மருந்து அடித்து, கனத்த பாலித்தீன் தாள் விரித்து, முக்கால் இஞ்ச் ஜல்லி பரப்புங்கள். தளத்தின் அடி இரண்டடியாவது உயரம் இருக்கட்டும், காற்று ஓட வேண்டும். பக்கங்களை நெருக்கமான கம்பிவலையால் அடைத்து, ஒரு பக்கம் மட்டும் கழற்றும்படி வையுங்கள். வயலோரத்தில் எலி வரும், எலிக்குப் பின்னால் கட்டுவிரியன் வரும். இருட்டில் படியிறங்கும் முதியவர்கள் இருக்கும் வீட்டில் இதை நான் விளையாட்டாகச் சொல்லவில்லை.

2023 டிசம்பர் 17, 18 மழையை மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது, தாமிரபரணி கரையை மீறியது. மரம் மிதக்கும் பொருள் என்பதைப் பலர் அப்போதுதான் நினைத்துப் பார்த்தார்கள். தளத்தைக் கல்லோடு போல்ட்டால் பிணைப்பது ஆடாமல் இருக்க மட்டுமல்ல, வெள்ளம் தூக்கிவிடாமல் இருக்கவும்தான்.

இனி நீங்கள் கேட்ட பலகை. எலும்பு இரும்பு என்றதும் கணக்கு எப்படி மாறுகிறது பாருங்கள். எல்லாம் மரம் என்றால் பலகைக்கு 10 கன அடி, குறுக்குச் சட்டத்துக்கு ஐந்தரை, உத்திரத்துக்கு நாலரை, சேதாரம் சேர்த்தால் 24 கன அடி. பலகை மட்டும் என்றால் சேதாரத்தோடு 12. பாதி மரத்தில் வேலை முடிவதால், அந்தப் பாதியை நல்ல மரமாகவே வாங்கலாம். என் முதல் தேர்வு புதுத் தேக்கு அல்ல, பழைய வீட்டு மரம். கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் பக்கத்துப் பழைய வீடுகளை இடிக்கும்போது வரும் தேக்கும் கோங்கும் ஆடி அசைந்து முடித்த மரங்கள், இனிமேல் முறுக்காது. அறுப்பதற்கு முன் காந்தம் வைத்துத் துழாவி ஆணி எல்லாம் பிடுங்க வேண்டும், அறுவை மில்காரர் அதற்கு முகம் சுளிப்பார். மேல்தோல் உளுத்திருந்தாலும் உள்ளே இழைத்தால் மணம் வரும் பாருங்கள், அந்த மணத்துக்காகவே நான் இன்னும் இந்தத் தொழிலில் இருக்கிறேன்.

புதுத் தேக்கு வாங்கினால் பெயரைப் பார்க்காதீர்கள், நிறத்தைப் பாருங்கள். தேக்கின் வைரத்தில் எண்ணெய் உண்டு, அதனால்தான் பூஞ்சையும் கரையானும் அதை எளிதில் தொடுவதில்லை. வெளிறு என்று சொல்லும் வெளிச்சுற்று வெள்ளை மரத்துக்கு அந்தக் குணம் கிடையாது. அது தேக்காக இருந்தாலும் கரையானுக்குப் பழையசோறுதான். சீக்கிரம் வளர்த்து வெட்டிய தோட்டத் தேக்கில் வெளிறு மிகுதி. பலகைக்குப் பலகை புரட்டிப் பார்த்து, ஓரத்தில் வெள்ளை ஓடியதைத் தள்ளுங்கள். கோங்கும் வேங்கையும் கருமருதும் கனமான, வலுவான மரங்கள். தேக்கைவிட அதிகம் முறுக்கும், அதனால் 4 இஞ்ச் அகலத்துக்கு மேல் பலகை எடுக்கக் கூடாது. நம் மலையில் வெட்டிய கோங்கு என்று யாராவது ரகசியமாகச் சொன்னால் நடையைக் கட்டுங்கள். களக்காடு முண்டந்துறை 1988 முதல் புலிகள் காப்பகம். அங்கிருந்து முறையாக வெளியே வரும் மரம் கிடையாது. ரசீது இல்லாத மரத்தை வீட்டுக்குள் விடாதீர்கள்.

டபிள்யூபிசி என்று சொல்லும்போது இரண்டு வேறு பொருள்களை ஒரே பெயரில் சொல்கிறோம். கதவு நிலைக்கும் அடுக்களை அலமாரிக்கும் நம் கடைகளில் விற்பது பெரும்பாலும் நுரைபோல் ஊதிய பிவிசி பலகை. அதை வெயிலில் தரையாகப் போட்டால் தொய்ந்துவிடும். தளத்துக்கு உரியது மரத்தூளும் பாலித்தீனும் கலந்து அழுத்திய தனிப் பலகை. அது உளுக்காது, எண்ணெய் கேட்காது, சிலாம்பும் ஏறாது. ஆனால் நம் வெயிலில் அடர்நிறப் பலகை நடுப்பகலில் கால் வைக்க முடியாதபடி சுடும். பத்தடி நீளப் பலகை காலைக்கும் நடுப்பகலுக்கும் இடையே மூன்று நான்கு மில்லிமீட்டர் நீளும். முனையில் இடைவெளி விடாமல் பொருத்தினால் முதல் பங்குனியிலேயே வில்லாக வளையும். அடிச்சட்டத்தை 12 இஞ்சுக்கு ஒன்றாக நெருக்க வேண்டும். அது எத்தனை ஆண்டு வரும் என்பதில் எனக்கு உறுதி கிடையாது. நான் போட்டதில் மூத்ததற்கு எட்டு வயது, நிறம் வெளுத்திருக்கிறது, வேறு குறையில்லை. எட்டு வயதை வைத்து இருபத்தைந்து ஆண்டு உத்தரவாத அட்டைக்குச் சாட்சி சொல்ல மாட்டேன்.

மருந்தேற்றிய பைனை விட்டுவிடுங்கள். இங்கே மலிவாகக் கிடைக்கும் பைன் பெரும்பாலும் மருந்தேறாதது, சரக்குப் பெட்டி உடைத்தது. அதை வெளியில் போட்டால் இரண்டு மழைக்காலம் தாண்டுவது சந்தேகம். அமெரிக்காவில் முன்பு செம்பு, குரோமியம், ஆர்செனிக் கலந்த மருந்தை ஏற்றினார்கள். 2003 கடைசியோடு வீட்டு உபயோகத்துக்கு அதைக் கைவிட்டு, வேறு செம்பு மருந்துகளுக்கு மாறினார்கள். அழுத்தக் கலத்தில் மரத்தின் உள்வரை ஏற்றும் வேலை அது. பட்டறையில் தூரிகையால் பூசிவிட்டு மருந்தேற்றிய மரம் என்று தருவதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

பலகை 1 இஞ்ச் கனம், 4 இஞ்ச் அகலம், இடையில் 5 மில்லிமீட்டர் சந்து. அம்மா வடகம் காயவைக்கும்போது உளுந்து விழும் என்று சந்தைக் குறைக்கச் சொல்வார்கள். குறைக்காதீர்கள், பத்தமடைப் பாய் ஒன்று வாங்கிக் கொடுத்துவிடுங்கள். மரத்தின் ஈரப்பதம் 12 முதல் 15 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். அளக்கும் கருவி இப்போது எல்லா இடத்திலும் கிடைக்கிறது. ஐப்பசி மழையில் அறுத்து வந்த பலகையைக் கார்த்திகையில் பொருத்தினால் பங்குனியில் சந்து இரட்டிப்பாகும். திருகாணி துருப்பிடிக்காத எஃகு. உங்கள் ஊருக்கு 304 தரம் போதும், உவரி போலக் கடற்கரை என்றால் 316. சாதா இரும்பு ஆணி தேக்கின் சாற்றோடு சேர்ந்து கறுப்புக் கண்ணீர் வடிக்கும். துளை போட்டுவிட்டுத்தான் திருக வேண்டும். இரும்புச் சட்டத்தின் மேல்முகத்தில் தார்ப்பட்டை ஒட்டிவிட்டுப் பலகை வையுங்கள். வெட்டு முனைகள் வழியாகத் தண்ணீர் மற்ற முகங்களைவிடப் பலமடங்கு வேகமாக ஏறும் என்பதால் ஒவ்வொரு முனையையும் அறுத்த உடனே எண்ணெயில் நனைக்க வேண்டும். ஆசாரிகள் மறப்பது இதைத்தான், நானும் மறந்திருக்கிறேன். பலகையின் நெஞ்சுப் பக்கம் மேலே வர வேண்டுமா பட்டைப் பக்கம் மேலே வர வேண்டுமா என்று ஆசாரிகள் சண்டையிடுவார்கள். இரண்டும் போட்டுப் பார்த்துவிட்டேன், வித்தியாசம் சொல்லும் அளவுக்குத் தெரியவில்லை. நல்ல முகம் மேலே இருக்கட்டும்.

வார்னிஷ் கூடவே கூடாது. வெயிலில் அது தோலாக உரியும், உரிந்த இடம் வழியாகத் தண்ணீர் உள்ளே போய் வெளியே வர வழியில்லாமல் நிற்கும். மரத்துக்குள் ஊறும் எண்ணெய் பூசினால் உரியாது, மங்கும். ஆண்டுக்கு ஒருமுறை, நீங்கள் வரும்போது நீங்களே துணியால் பூசிவிடலாம். பூசாமல் விட்டால் தேக்கு ஓராண்டில் வெள்ளிச் சாம்பல் நிறத்துக்குப் போகும், வலுக்குறைவு ஒன்றுமில்லை. முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசலாமா என்று கேட்பார்கள். கூரை மரத்துக்கு அது நல்ல காவல். ஆனால் தோலில் பட்டால் கொப்பளிக்கும், மரம் கறுத்துப்போகும், உட்காரும் இடத்துக்கு ஆகாது. வண்டிக் கழிவு எண்ணெய் பூசும் வழக்கம் இன்னும் இருக்கிறது. பக்கத்தில் வயல், கிணறு; வேண்டவே வேண்டாம்.

அளவைப் பற்றி: 12க்கு 10 என்பது காகிதத்தில் பெரிதாகத் தெரியும். கோலப்பொடியால் அந்த அளவைத் தரையில் கோடிழுத்து, ஈசிசேர், கட்டில், சின்ன மேசை எல்லாம் உள்ளே போட்டு, ஒரு வாரம் மாலையில் அப்பாவை அங்கே உட்காரச் சொல்லுங்கள். நாற்காலியைப் பின்னால் இழுக்க மூன்றடி வேண்டும் என்பது அப்போதுதான் தெரியும். தென்னைக்குக் கீழே கோடு விழுந்தால் தள்ளிப் போடுங்கள். படி 6 இஞ்ச் உயரம், 12 இஞ்ச் அகலம், இரு பக்கமும் கைப்பிடி; கைப்பிடி கடைசிப் படியைத் தாண்டி ஓர் அடி நீளட்டும், இறங்கும் கால் அங்கேதான் தடுமாறும். சுற்றுக் கிராதி மூன்றரை அடி, கம்பிகளுக்கிடையே 4 இஞ்சுக்குக் குறைவாக, பேரப்பிள்ளை தலை நுழையாதபடி. வரிவரியாகக் கோடு போட்ட பலகை வழுக்காது என்று விற்பார்கள். என் அனுபவத்தில் அந்தக் கோட்டில் மண் தங்கி, மண்ணில் பாசி தங்கி, அதுதான் வழுக்குகிறது. வழவழப்பாக இழைக்காத சமப்பலகையும், மாதம் ஒருமுறை தேங்காய்நார்த் தேய்ப்பும் போதும்.

இவ்வளவும் படித்தபின் இது வேண்டாம் என்று தோன்றினால் தவறில்லை. அதே கல்தூண்களுக்குப் பதில் கல் கட்டடம் எழுப்பி, மண் நிரப்பி, கருங்கல் பலகை பாவி, சுவரோரம் ஒரு நீளத் திண்ணை வைத்தால் உங்கள் பெற்றோருக்குப் பழகிய இடமாக இருக்கும், எண்ணெய்ச் செலவும் இல்லை. எழுபது வயதுக்காரர்கள் வீட்டில் நான் இதைத்தான் முதலில் சொல்வேன். ஆனால் நீங்கள் கேட்டது மரம். மரத்தின்மேல் வெறுங்காலோடு உட்காரும் சுகம் கல்லில் கிடையாது என்பதும் எனக்குத் தெரியும். செய்வதானால் பிசானம் அறுத்து நிலம் காய்ந்தபின், மாசி, பங்குனியில் தொடங்குங்கள்.

அதற்கு முன் இரண்டு புகைப்படங்கள் அனுப்புங்கள். ஒன்று, மாலை ஐந்து மணிக்குப் பின்வாசலில் நிழல் எங்கே விழுகிறது என்பது. மற்றது, அடுக்களைத் தண்ணீர்க் குழாய் எந்த வழியாக வெளியே போகிறது என்பது. அந்தக் குழாய் இந்தத் தளத்துக்குக் கீழே வந்து திறந்தால் மேலே எழுதிய கால், ஜல்லி, வாட்டம் எல்லாவற்றையும் மறுபடி யோசிக்க வேண்டியிருக்கும்.